டீக்கடைக்கு வந்த ஜிஎஸ்டி நோட்டீஸ்: யூபிஐக்குள் நடப்பது என்ன?

2025 ஜூலையில் பெங்களூரின் பல சிறு கடைகளில் கியூஆர் அட்டைகளைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். பல வருடமாக ஸ்கேன் செய்து பணம் வாங்கிப் பழகிய பேக்கரிகளும் டீக்கடைகளும் ‘யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று தாளில் எழுதி ஒட்டின. கர்நாடக வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்ததுதான் காரணம். 2021-22 முதல் 2024-25 வரை அவர்கள் யூபிஐ வழியாக வாங்கிய தொகையைக் கூட்டிப் பார்த்து, ஜிஎஸ்டி பதிவு ஏன் எடுக்கவில்லை என்று துறை கேட்டது.

செய்தி பரவியதும் கேள்விகளும் பரவின. யூபிஐக்கு வரி போட்டுவிட்டார்களா? வீட்டுக்காரருக்கு வாடகை அனுப்பினால் அதுவும் கணக்கில் வருமா? என் கடையின் வரவு அரசுக்கு எப்படித் தெரிந்தது? சில வருடங்களாகவே கணக்கு முடக்கம், கட்டண வதந்தி, மணிக்கணக்கில் யூபிஐ நின்றுபோனது என்று வேறு செய்திகளும் வந்தன. இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். நம் செல்போனில் இருக்கும் ஆப்புக்குப் பின்னால் பணம் எந்த வழியாகப் போகிறது, போகும்போது எங்கெங்கே பதிவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமாகப் புரியும்.

ஆப் வேறு, பணம் இருக்கும் இடம் வேறு

தமிழ்நாட்டில் ‘ஜிபே பண்ணுங்க’ என்றால் எந்த ஆப்பில் அனுப்பினாலும் சரி என்று பொருள். பேச்சுக்கு அது போதும். ஆனால் ஜிபேயிலோ போன்பேயிலோ உங்கள் பணம் இல்லை. அது எப்போதும் உங்கள் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. இந்தப் பரிமாற்றத்தில் பங்குபெறுகிறவர்களைப் பிரித்துப் பார்ப்போம்.

1. உங்கள் வங்கி. பணத்தைக் கழிப்பது இதுதான். உங்கள் பின் நம்பர் சரியா என்று சோதிப்பதும் இதுதான்.
2. வாங்குபவரின் வங்கி. பணத்தை வரவு வைக்கிறது.
3. ஆப் நிறுவனம். கூகுள் பே, போன்பே, பேடிஎம் போன்றவை. இவை உங்கள் கட்டளையை வாங்கி அனுப்பும் முகப்பு மட்டுமே. இவற்றால் நேரடியாக யூபிஐக்குள் நுழைய முடியாது. ஏதாவது ஒரு வங்கியின் துணையோடுதான் நுழைய முடியும். உங்கள் யூபிஐ முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் அந்தத் துணை வங்கியைக் குறிப்பது. கணக்கு இந்தியன் வங்கியில் இருந்தாலும் முகவரியில் வேறு வங்கியின் பெயர் வருவது இதனால்தான்.
4. என்பிசிஐ. இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம். ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008-ல் உருவாக்கிய அமைப்பு. வங்கிகளுக்கு நடுவே செய்திகளைத் திருப்பிவிடும் சந்திப்பு நிலையம் இது.

யூபிஐ என்பது இந்த நால்வரும் ஒரே விதிப்படி பேசிக்கொள்ள வகுத்த ஏற்பாடு. அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் 2016 ஏப்ரல் 11 அன்று 21 வங்கிகளோடு இதைச் சோதனை முறையில் தொடங்கி வைத்தார். அதற்கு முன்பே, 2010 முதல், ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பரிமாற்றம் இருந்தது. அதற்குக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எண் எல்லாம் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையை நீக்கி, ஒரு முகவரியையோ ஒரு கியூஆர் படத்தையோ போதுமானதாக்கியதுதான் யூபிஐயின் சாதனை. தொடங்கிய அதே வருடம் நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. கையில் நோட்டு இல்லாத அந்த மாதங்கள் மக்களை இதன் பக்கம் தள்ளின. 2019 அக்டோபரில் ஒரே மாதத்தில் 100 கோடிப் பரிமாற்றங்களைத் தொட்டது. 2025 ஆகஸ்டில் அது 2,000 கோடியைத் தாண்டியது.

ஸ்கேன் செய்த சில நொடிகளில்

கடை மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் படத்துக்குள் ரகசியம் எதுவும் இல்லை. கடைக்காரரின் யூபிஐ முகவரியும் பெயரும் எழுத்துகளாக அதில் அடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அதை ஸ்கேன் செய்வதும் முகவரியைக் கையால் தட்டுவதும் ஒன்றுதான். பிறகு நடப்பது இது:

1. ஆப் அந்த முகவரியைத் தன் துணை வங்கி வழியாக என்பிசிஐக்கு அனுப்புகிறது. அது யாருடைய முகவரி என்று சரிபார்த்துப் பெயர் திரும்பி வருகிறது. 2025 ஜூன் 30 முதல், வங்கிக் கணக்கில் பதிவான உண்மைப் பெயரைத்தான் திரையில் காட்ட வேண்டும் என்பது விதி. அனுப்புகிறவர் தன் போனில் ‘மாமா’ என்று சேமித்திருந்தாலும் வங்கிப் பெயர்தான் தெரியும்.
2. தொகையைப் போட்டதும் பின் நம்பர் கேட்கும் பக்கம் திறக்கிறது. இந்தப் பக்கம் ஆப் நிறுவனத்தினுடையது இல்லை, என்பிசிஐயினுடையது. நீங்கள் அடிக்கும் எண் அங்கேயே மறைக்குறியாக மாறிவிடும். அதைப் பிரித்துப் படிக்க ஆப் நிறுவனத்தால் முடியாது.
3. உங்கள் வங்கி பின்னைச் சரிபார்த்து, இருப்பைப் பார்த்து, தொகையைக் கழிக்கிறது.
4. என்பிசிஐ வாங்குபவரின் வங்கிக்குச் சொல்ல, அது வரவு வைக்கிறது.
5. இரண்டு பக்கமும் செய்தி போகிறது. கடையில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி ‘நாற்பது ரூபாய் வந்தது’ என்கிறது.

வங்கிகளுக்கு இடையே உண்மையான பணம் அந்த நொடியில் கைமாறுவதில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்று கூட்டிக் கழித்து, ஒரு நாளில் பல தடவை ரிசர்வ் வங்கியிடம் உள்ள கணக்குகளில் தீர்த்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளருக்கு அது தெரிய வேண்டியதில்லை.

ஸ்பீக்கர் பெட்டி சாதாரண வசதி இல்லை, அது ஒரு பாதுகாப்பு. பணம் அனுப்பாமலேயே ‘வெற்றி’ என்று பச்சை டிக் காட்டும் போலி ஆப்களை வைத்துச் சிறு கடைகளை ஏமாற்றுவது நடந்தது, இன்றும் நடக்கிறது. கூட்ட நேரத்தில் கடைக்காரர் ஒவ்வொருவர் திரையையும் எட்டிப் பார்க்க முடியாது. பெட்டியில் தனி சிம் இருக்கிறது. வாடிக்கையாளரின் போனை நம்பாமல், நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும் தகவலைக் கேட்டுத்தான் அது பேசுகிறது.

பின் நம்பர் மட்டும் இருந்தால் போதாது

ஆப்பை முதலில் நிறுவும்போது உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். வங்கியில் பதிவான எண்ணிலிருந்துதான் அது வருகிறதா என்று பார்த்து, அந்த எண்ணையும் அந்தப் போனையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். ஆக யூபிஐக்குப் பூட்டு இரண்டு: உங்கள் போன், உங்கள் பின்.

இது வலுவான ஏற்பாடு. வலுவாக இருப்பதால்தான் மோசடிக்காரர்கள் பூட்டை உடைக்க முயல்வதை விட்டுவிட்டு, உங்களையே திறக்க வைக்கப் பார்க்கிறார்கள். ‘பழைய சோபாவை வாங்கிக்கொள்கிறேன், பணம் அனுப்பியிருக்கிறேன், பின் அடித்து ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்பது நெடுநாளாக நடந்த வித்தை. பணம் கேட்கும் கோரிக்கையைப் பணம் வரும் செய்திபோலக் காட்டி ஏமாற்றினார்கள். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது. நல்ல முடிவுதான், ஆனால் பல வருடம் முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவு.

வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு விதி போதும்: பணம் வாங்குவதற்குப் பின் நம்பரும் தேவையில்லை, ஸ்கேனும் தேவையில்லை. பணம் அனுப்பவும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும்தான் பின் வேண்டும். யாராவது ‘பணம் வர பின் அடியுங்கள்’ என்றால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம்.

ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை உடனே அழைக்க வேண்டும். இங்கே நிமிடங்கள் முக்கியம். மோசடிக்காரர் பணத்தை முதல் கணக்கில் வைத்திருப்பதில்லை. அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பிக்கொண்டே இருப்பார். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, தவறு வங்கியினுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை என்றால், தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் புகார் சொன்னால் உங்களுக்கு இழப்பு கிடையாது. பின்னை நீங்களே சொல்லிவிட்டால் கதை வேறு. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் தலையில்தான் விழும். ஏமாற்றப்பட்டு பின் அடித்தவரும் இந்த விதியில் பெரும்பாலும் ‘கவனக்குறைவு’ பக்கமே சேர்க்கப்படுகிறார். நயமாகப் பேசி ஏமாற்றுவதே தொழிலாகிவிட்ட காலத்தில் இது நியாயமான கோடு என்று எனக்குத் தோன்றவில்லை.

‘பணம் போச்சு, கடைக்கு வரல’

இது மோசடி இல்லை, கோளாறு. மேலே சொன்ன 3-ஆம் படி முடிந்து 4-ஆம் படி நடக்காமல் போனால் இப்படி ஆகும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த கால வரம்பு இன்னும் பலருக்குத் தெரியவில்லை. தனிநபருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் ஏறவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். கடைக்குச் செலுத்தியதில் உறுதிச் செய்தி வராமல் போனால் 5 நாள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதை வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது கிடைத்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

தவறான நபருக்கு நீங்களே அனுப்பிவிட்டது இதில் சேராது. அவர் சம்மதிக்காமல் வங்கி எடுத்துத் தராது. அதனால்தான் திரையில் வரும் வங்கிப் பெயரைப் படித்துவிட்டு பின் நம்பரை அடிக்க வேண்டும்.

இலவசம் என்றால் செலவு யாருடையது?

கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் ஒரு சிறு சதவீதத்தை வங்கிக்குத் தருகிறார். யூபிஐயில் 2020 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டணம் பூஜ்யம். டீக்கடை வரை கியூஆர் போனதற்கு இதுவே முதல் காரணம் என்று சொல்லலாம். 15 ரூபாய் டீயில் கால் ரூபாய் போனாலும் அந்தக் கடைக்காரர் இதைத் தொட்டிருக்க மாட்டார்.

ஆனால் சர்வர், எஸ்எம்எஸ், ஆட்கள், மோசடித் தடுப்பு எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அதில் ஒரு பகுதியை அரசு மானியமாகத் தருகிறது: சிறு வியாபாரிகளுக்கு வரும் 2,000 ரூபாய் வரையிலான பரிமாற்றங்களுக்கு 0.15 சதவீதம் என்ற கணக்கில், 2024-25-க்கு சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மீதியை வங்கிகள் தாங்குகின்றன. ஆப் நிறுவனங்கள் ஸ்பீக்கர் பெட்டி வாடகை, ரீசார்ஜ் மேல் சேவைக் கட்டணம், கடன் விற்பனை என்று வேறு வழிகளில் சம்பாதிக்கின்றன. செலவை யாராவது ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா 2025-ல் வெளிப்படையாகவே சொன்னார்.

இந்த இழுபறியில்தான் வதந்திகள் முளைக்கின்றன. 2023-ல் ‘2,000 ரூபாய்க்கு மேல் 1.1 சதவீதம் கட்டணம்’ என்று பரவியது. அது வாலெட்டில், அதாவது வங்கிக் கணக்குக்கு வெளியே உள்ள டிஜிட்டல் பணப்பையில், போட்டு வைத்த பணத்தைக் கொண்டு கடைக்குச் செலுத்தும்போது நிறுவனங்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்குவது. கணக்கிலிருந்து கணக்குக்குப் போவதற்கும் வாடிக்கையாளருக்கும் சம்பந்தமில்லை. 2025 ஏப்ரலில் ‘2,000-க்கு மேல் ஜிஎஸ்டி’ என்று பரவியது; நிதி அமைச்சகம் உடனே மறுத்தது.

இலவசம் என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. லாபம் இல்லாத தொழிலில் பெரிய முதலீடு உள்ளவர்தான் நிற்க முடியும். போன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து மொத்தப் பரிமாற்றங்களில் சுமார் ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கின்றன. எந்த ஒரு ஆப்பும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று என்பிசிஐ 2020-லேயே அறிவித்தது. அமலாக்கத்தைத் தள்ளித் தள்ளி இப்போது 2026 டிசம்பர் 31 வரை கொண்டுவந்திருக்கிறார்கள்.

பெங்களூரில் நடந்தது: தடம் விட்ட பணம்

சரி, நோட்டீஸுக்கு வருவோம். ரொக்கம் தடம் விடாது. காலையில் வந்த நூறு ரூபாய் நோட்டு மதியம் பால்காரரிடம் போய்விட்டால், அது கடை வழியாகப் போனதற்கு எந்த எழுத்தும் இல்லை. யூபிஐயில் ஒவ்வொரு 10 ரூபாயும் தேதி, நேரம், அனுப்பியவர், வாங்கியவர் என்ற விவரத்தோடு இரண்டு வங்கிகளிலும் ஆப் நிறுவனத்திலும் பதிவாகிறது. கர்நாடக வணிகவரித் துறை இந்த விவரங்களைப் பெற்று, ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் விற்பனை வரம்பைத் தாண்டியவர்களைப் பிரித்தெடுத்தது.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியவை:

1. யூபிஐக்கு என்று தனி வரி எதுவும் இல்லை. வரி விற்பனைக்குத்தான். ரொக்கமாக வாங்கினாலும் சட்டம் ஒன்றே என்று துறையும் அப்போது விளக்கியது. யூபிஐ செய்தது கண்ணுக்குத் தெரியாமல் இருந்த விற்பனையைத் தெரியவைத்தது மட்டுமே.

2. வரம்பு விற்றுமுதலுக்கு, அதாவது மொத்த விற்பனைத் தொகைக்கு; லாபத்துக்கு இல்லை. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம். 40 லட்சத்தை 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பால் பாக்கெட், சிகரெட், பிரெட் விற்கும் தெருமுனைக் கடைக்கு அது பெரிய வியாபாரம் இல்லை. அவற்றில் கடைக்காரர் கையில் நிற்பது மிகச் சிறிய விகிதம். நோட்டீஸில் லட்சக்கணக்கில் தொகையைப் பார்த்தவர்கள் ஆடிப்போனதற்கு இதுதான் காரணம். அந்தத் தொகையை அவர்கள் சம்பாதித்ததே இல்லை. அது அவர்கள் கை வழியாகக் கடந்துபோன பணம்.

3. வரிவிலக்குள்ள பொருட்கள் உண்டு. காய்கறி, பழம், பால் போன்றவற்றை மட்டுமே விற்பவர் எவ்வளவு விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் அவற்றோடு வரியுள்ள பொருட்களையும் விற்பவர் என்றால், வரம்பைக் கணக்கிடும்போது விலக்குள்ள விற்பனையும் கூட்டலில் சேரும். பலர் தடுமாறும் இடம் இது.

4. வந்த பணம் எல்லாம் விற்பனை இல்லை. அண்ணன் அனுப்பிய கைமாற்று, சீட்டுப் பணம், மகன் அனுப்பிய வீட்டுச் செலவு எல்லாம் அதே சேமிப்புக் கணக்கில், அதே கியூஆரில் வந்திருக்கும். கணினி இவற்றைப் பிரிக்காது. பிரித்துக் காட்டும் பொறுப்பு வியாபாரிக்கு. மூன்று நான்கு வருடத்துக்கு முந்தைய 200 ரூபாய் யார் எதற்கு அனுப்பியது என்று எந்தப் பெட்டிக்கடைக்காரர் குறித்து வைத்திருப்பார்?

எதிர்ப்பு வலுத்ததும் முதல்வர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசினார். பழைய பாக்கியை வசூலிப்பதில்லை, இனிமேல் தகுதியுள்ளவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற உறுதியோடு விஷயம் தணிந்தது.

சட்டப்படி துறை கேட்டதில் தவறில்லை. ஆனால் ‘ரொக்கத்தை விடுங்கள், டிஜிட்டலுக்கு வாருங்கள்’ என்று அரசே அழைத்து வந்த மனிதரிடம், வந்ததால் உண்டாகும் பொறுப்பு என்ன என்று யாரும் சொல்லவில்லை. முதல் வருடமே ஒரு எச்சரிக்கைச் செய்தி அனுப்பியிருந்தால் போதும். நான்கு வருடம் பேசாமல் இருந்துவிட்டு மொத்தமாகக் கேட்டது அநியாயம் என்றே நினைக்கிறேன். இதில் தமிழ்நாட்டு வியாபாரிகளுக்கும் பாடம் இருக்கிறது, ஏனென்றால் ஜிஎஸ்டி வரம்பு இங்கும் உண்டு. கடைக்கென்று தனிக் கணக்கும் தனிக் கியூஆரும் வைத்து, வீட்டுப் பணத்தை அதில் கலக்காமல் இருந்தாலே பாதிச் சிக்கல் வராது. விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர்களுக்குத் தொகுப்பு வரி என்ற எளிய முறை உண்டு. பொருள் விற்பவருக்கு அதில் 1 சதவீதம்தான்.

அதே தடம் நன்மையும் செய்கிறது. முன்பெல்லாம் தள்ளுவண்டிக்காரர் கடன் கேட்டுப் போனால் வருமானத்துக்கு என்ன அத்தாட்சி என்பார்கள். தண்டல்காரர் மட்டும்தான் அத்தாட்சி கேட்காமல் கொடுப்பார், அவர் வட்டி எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். இன்று ஒரு வருட வரவு விவரத்தைப் பார்த்து வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சிறு கடன் தருகின்றன. பலருக்கு இது உண்மையான முன்னேற்றம்.

கணக்கு முடக்கம்: அடுத்தவர் குற்றம், உங்கள் பூட்டு

தடத்தின் மிகக் கடுமையான விளைவு இதுதான். 2023-ல் கேரளாவில் சிறு வியாபாரிகள் பலருடைய கணக்குகள் திடீரென்று முடங்கின. காரணம் அவர்கள் செய்த எதுவும் இல்லை.

யாரோ ஒருவர் வேறு மாநிலத்தில் ஏமாற்றப்பட்டு 1930-இல் புகார் செய்கிறார். அந்தப் பணம் முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு என்று போன பாதையைப் போலீஸ் பின்தொடர்கிறது. நாலாவது ஐந்தாவது கையில் அதை வைத்திருந்தவர் உங்கள் ஹோட்டலில் பிரியாணி சாப்பிட்டு 300 ரூபாய் அனுப்பியிருக்கிறார். பாதையில் உங்கள் கணக்கும் வந்துவிட்டது. அந்த 300 ரூபாயை மட்டும் நிறுத்தி வைக்காமல் மொத்தக் கணக்கையும் முடக்கிவிட்டால், மறுநாள் கறிக்கடைக்கும் மளிகைக்கும் கொடுக்கப் பணம் இருக்காது.

போலீஸ் குறிப்பிட்ட தொகைக்கு மட்டுமே முடக்கம் இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. ஆனாலும் முழு முடக்கங்கள் நடக்கின்றன. அப்படி ஆனால்:

1. வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு.
2. அந்தத் தொகை எந்த விற்பனைக்கு வந்தது என்பதற்கான பில், ஆர்டர் விவரம், செய்திகளை விசாரணை அதிகாரிக்கு அனுப்புங்கள்.
3. அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி மற்றதை விடுவிக்கும்படி கேளுங்கள். பதில் இல்லையென்றால் நீதிமன்றத்தை நாடலாம்.

இதனால் வியாபாரிகளுக்கு நடைமுறையில் ஒரு அறிவுரை: எல்லாப் பணத்தையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். கியூஆர் வரவு ஒரு வங்கியில், சேமிப்பு வேறு வங்கியில் இருக்கட்டும்.

நெட்வொர்க் நின்ற நாளும் செல்போன் இல்லாத ஆளும்

2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் யூபிஐ சில தடவை பல மணி நேரம் தடுமாறியது. ஏப்ரல் 12 கோளாறுக்கு விசித்திரமான காரணம் சொன்னார்கள். பரிமாற்றம் முடிந்ததா இல்லையா என்று சில வங்கிகளின் கணினிகள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தன; அந்தக் கேள்விகளின் பாரமே பணப் போக்குவரத்தை அடைத்துவிட்டது. அதன் பிறகு ஆகஸ்ட் 1 முதல், ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் இருப்பைப் பார்க்க முடியாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் வந்தன.

சில்லறைச் செலவுகளை இந்தப் பாரத்திலிருந்து விலக்கத்தான் யூபிஐ லைட் இருக்கிறது. முன்கூட்டியே 5,000 ரூபாய் வரை ஒதுக்கி வைத்து, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமல் செலுத்தலாம். வங்கியின் முதன்மைக் கணினியை ஒவ்வொரு டீக்கும் எழுப்ப வேண்டியதில்லை. உங்கள் பாஸ்புக்கும் பத்து ரூபாய், பதினைந்து ரூபாய் வரிகளால் நிரம்பாது. போன் தொலைந்தால் போகக்கூடியதும் அந்தச் சிறு தொகைதான்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு 2022 மார்ச்சில் யூபிஐ 123பே வந்தது. அதற்கும் முன்பிருந்தே *99# என்ற வழி இருக்கிறது. இரண்டும் காகிதத்தில் நன்றாக இருக்கின்றன. கூட்டமான பஸ்ஸில் குரல் வழிக் கட்டளையை அழுத்தி அழுத்திப் பணம் அனுப்ப எந்தப் பாட்டியாலும் முடியாது. பெரியவர்களுக்கு இதைவிட உதவக்கூடியது 2024-ல் வந்த யூபிஐ சர்க்கிள். மகளின் கணக்கிலிருந்து மாதம் 15,000 ரூபாய் வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை, தாய் தன் போனிலிருந்தே செலவு செய்ய மகள் அனுமதி கொடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் மகளின் ஒப்புதல் கேட்கும்படியும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதற்கும் தாயிடம் ஸ்மார்ட்போன் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ரொக்கம் குறையவில்லை. 2016 நவம்பர் தொடக்கத்தில் புழக்கத்தில் இருந்த பணம் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2025-ல் அது 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. மக்கள் அன்றாடச் செலவைப் போனுக்கு மாற்றிக்கொண்டு, அவசரத்துக்கு என்று வீட்டில் நோட்டாக வைத்துக்கொள்கிறார்கள். குறைந்துபோனது சில்லறைதான். இருநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் ‘ஜிபே இல்லையா?’ என்று கேட்கும் கடைகள் கூடிவிட்டன. கல்லாவில் மீதி கொடுக்கப் பத்து, இருபது நோட்டுகள் இல்லாததால் கேட்கிறார்கள். முன்பு ரொக்கம் இல்லாதவர் கடைக்காரரிடம் கடன் சொல்வார். இன்று கையில் ரொக்கம் இருந்தும் செல்போன் இல்லாதவர் சில்லறைக்காகக் காத்து நிற்கிறார். கூலி வேலை செய்கிறவர்களும் வயதானவர்களும்தான் அப்படி அதிகமாக நிற்கிறார்கள். வங்கிக் கிளைகளும் ஏடிஎம்களும் 10, 20, 50 ரூபாய் நோட்டுகளைப் போதுமான அளவு கொடுத்தாலே அந்தக் காத்திருப்பு குறையும். அதற்குப் புதிய ஆப் எதுவும் தேவையில்லை.